குலுக்கி எடுத்த சொற்கள்

பத்திரிகையைக் கத்தரித்து, சொற்களைப் பையிலிட்டுக் குலுக்கி, கைக்கு வந்த வரிசையில் எழுதினால் கவிதையாகும் என்று திரிஸ்தான் ட்சாரா என்னும் கவிஞர் 1920-இல் கூறினார். இன்று அவ்வேலையைக் கணினி செய்கிறது. கேசி ரீஸ், பென் ஃப்ரை என்னும் இருவர் 2001-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'பிராசஸிங்' மொழியில் சில வரிகளே போதும்: இணையப் பக்கமொன்றின் வாசகத்தை வரவழைத்து, சொல் சொல்லாகப் பிரித்து, குருட்டாம்போக்கில் ஒன்றைப் பொறுக்கித் திரையில் காட்டலாம்.

சயானில் வாழும் நாம், ஆங்கிலத்திலோ மராத்தியிலோ படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதனைத் தமிழ் வாசிக்கும் விளையாட்டாகத் தரலாம். திரையில் பெரிய எழுத்தில் ஒரு சொல். உரக்கப் படித்தால் அடுத்தது. ஆனால் ஆங்கிலத்திற்கென எழுதிய நிரலைத் தமிழுக்குப் பூட்டினால் திரை வெறுமையாகவே நிற்கக்கூடும். பல நிரல்களில் வழங்கும் விதி, ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே சொல்லின் உறுப்பாகக் கொள்கிறது. ஏனையவெல்லாம் அதற்கு இடைவெளி. திருக்குறளைக் கொடுத்தாலும் 1330 குறளும் வெற்றிடமே!

எல்லா மொழி எழுத்துக்களையும் ஏற்கும் விதி 2018-இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு வந்தது. அதிலும் ஒரு பொறி உண்டு. 'பள்ளி' என்பது நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடு முறையிலோ ப, ள, புள்ளி, ள, இகரக் குறி என ஐந்து. புள்ளியும் குறியும் 'எழுத்து' என்னும் வகையில் சேர்வதில்லை. எழுத்தை மட்டும் கேட்டால் 'பள', 'ள' என்று பள்ளி இடிந்துவிடும். குறிகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இடைவெளியைக் கொண்டு பிரிப்பதே எளிய வழி. அப்போது 'ஒரு' என்பது அடிக்கடி வந்து அலுப்பூட்டும், அது போகட்டும். 'வேலைக்குச்' என்றொரு சொல் வந்து நிற்குமே, அதுதான் சுவையானது. அந்தச் சகர ஒற்று, அடுத்து நின்ற 'சென்றார்' என்பதற்காகப் பிறந்தது. அண்டை வீட்டார் குடிபெயர்ந்த பின்னும் ஒற்று மட்டும் வாசலில் காத்திருக்கிறது! அகராதியில் தேடும் குழந்தை அதனைக் காணாது. மராத்தியர் நம் சயானைச் 'சீவ்' என்பர்; எல்லை என்பது பொருள். பம்பாய்த் தீவு முடிந்து சாஷ்டித் தீவு தொடங்கும் இடம் அது. தமிழ்ச் சொல்லின் எல்லையை அவ்வாறு சுட்டிக்காட்டுவது எளிதன்று.

ஒற்றை நீக்கிவிடலாமே என்பாரும் உளர். நமக்கு அதில் உடன்பாடில்லை. விரலால் தொட்டதும், பக்கத்தில் அடுத்து நின்ற சொல்லும் தோன்றுமாறு ஒரு வரி சேர்த்தால் போதும். 'வேலைக்குச்' என்று படித்த குழந்தை, அடுத்தது 'சென்றாரா', 'சேர்ந்தாரா' என்று சற்றே எண்ணிப் பார்த்துவிட்டுத் திரையைத் தொடும்.