குழுவுக்கு மார்க் போடுவது எப்படி?
(பழைய மாணவர் சந்திப்பில் பேசியது)



‘என்ஜினீயருக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்னப்பா சம்பந்தம்?’ என்று பாவூர்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஒரு நண்பர் கேட்டார். மருத்துவ மாணவர்களுக்கான பயிற்சிக் கூடம் ஒன்றில், மூச்சு விடும், நாடி துடிக்கும் பொம்மைகளைப் பராமரிப்பது என் வேலை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பொம்மையின் ஆக்சிஜனை 98-லிருந்து 85-க்கு இறக்குகிறவன் நான்தான்.

1960-இல் நார்வேயைச் சேர்ந்த பொம்மை உற்பத்தியாளர் ஆஸ்முண்ட் லேர்டால் செய்த பொம்மைதான் இவற்றுக்கெல்லாம் பாட்டி. டாக்டருக்குப் படிப்பவர் தனியாக, நர்சிங் படிப்பவர் தனியாகப் பழகுவதுதான் வழக்கம். எங்கள் கூடத்தில் சேர்த்து விடுகிறோம். திருநெல்வேலி ரோட்டில் அடிபட்டவரை 108 வண்டி கொண்டுவந்து இறக்கினால், ஒற்றை ஆளா பார்க்க முடியும்?

சிக்கல் மார்க்கில்தான். டாக்டர் மாணவர் எல்லாம் சரியாகச் செய்கிறார். நர்சிங் மாணவி மெதுவாக, ‘சார், ஆக்சிஜன் குறையுது’ என்கிறார். யார் காதிலும் விழவில்லை. தனித்தனியாக மார்க் போட்டால் இரண்டு பேருமே பாஸ். நோயாளி?

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2005-இல் இங்கிலாந்தில், விமானி மார்ட்டின் புரோமிலியின் மனைவி சாதாரண சைனஸ் ஆபரேஷனுக்குப் போனார். மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுவழி அடைபட்டது. கழுத்தில் துளையிடும் கருவியை நர்ஸ் எடுத்து வந்து, சொல்லவும் சொன்னார். அனுபவசாலி டாக்டர்களோ குழாய் செலுத்தும் முயற்சியிலேயே மூழ்கிவிட்டார்கள். 13 நாளில் அந்த அம்மா இறந்துபோனார். விமானத் துறை இந்தப் பாடத்தை முன்பே படித்தது: 1977-இல் டெனரீஃப் தீவில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடுபாதை காலியா என்று கடைசி நேரத்தில் சந்தேகம் எழுப்பியவர் ஒரு ஃப்ளைட் என்ஜினீயர். நம்ம ஆளு! கேப்டன் கேட்கவில்லை.

சரி, இதை எப்படி அளப்பது? 2010-இல் ‘டீம்’ என்றொரு அளவுகோல் வந்தது. தலைமை, பேச்சு, ஒத்துழைப்பு என்று 11 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று தனியாக ஒன்று. நல்ல கருவிதான். ஆனால் வெர்னியருக்கே ஜீரோ பிழை பார்க்கிறோம். மனிதக் கண்ணுக்குப் பார்க்க வேண்டாமா? ஒரே வீடியோவுக்கு ஒருவர் 3 போடுவார், இன்னொருவர் 1 போடுவார். அதனால் டாக்டர் ஆசிரியர் ஒருவரும் நர்சிங் ஆசிரியர் ஒருவரும் முதலில் தனித்தனியாக மார்க் போட்டு, பிறகு உட்கார்ந்து சண்டை போடவேண்டும். அந்தச் சண்டை ரொம்ப முக்கியம்.

எல்லோருக்கும் ஒரே மார்க் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். ஒருத்தர் ரீடிங் எடுக்க நாலு பேர் எழுதிக்கொள்வது எந்த லேபில் இல்லை? குழுவுக்கு ஒரு மார்க். சொன்னாரா, கேட்டவர் திருப்பிச் சொன்னாரா என்பதற்கு ஆளுக்கொரு மார்க். அதையும் முதல் சில தடவை பரீட்சைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் பிள்ளைகள் நடிக்க ஆரம்பித்துவிடும்.

இதற்கு விலை உயர்ந்த பொம்மைகூட வேண்டாம். கட்டிலில் படுக்க ஒரு மாணவர், ஒரு செல்போன் கேமரா, ஆக்சிஜன் எண்ணை ஏற்றி இறக்கிக் காட்ட ஒரு திரை. தென்காசிப் பக்கம் நர்சிங் படிக்கிறவர்களோடு சேர்ந்து, அந்தத் திரையை நம்ம தம்பி தங்கைகள் யாராவது செய்து கொடுக்க முன்வந்தால் சொல்லுங்கள். ஒரு சனிக்கிழமை நானே வந்து நிற்கிறேன்.