ஏவுதலும் ஏற்பும்



‘ஏவுகணை வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது’ என்னும் தலைப்பைச் செய்தித்தாள்களில் அடிக்கடி காண்கிறோம். ‘சோதனை’ என்னும் ஒரே சொல் அங்கு இருவேறு பணிகளைச் சுமக்கிறது. கருவியை ஆக்கியோர், அது இயங்குகிறதா என்று பார்ப்பது ஒன்று. அதைக் களத்திற்குக் கொண்டுசெல்லும் படையினர், தம் உயிரை நம்பி ஒப்படைக்கத் தக்கதா என்று பார்ப்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவை இந்தியாவின் ‘நாக்’ ஏவுகணை காட்டுகிறது.

1983ஆம் ஆண்டு அப்துல் கலாம் தலைமையில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டத்தில், டாங்கிகளை அழிப்பதற்கென வகுக்கப்பட்டது நாக். அது முதலில் பறந்தது 1990ஆம் ஆண்டில். இறுதிப் பயனர் சோதனை நிகழ்ந்ததோ 2020 அக்டோபர் 22ஆம் நாள், இராஜஸ்தானத்துப் பொக்ரானில், உண்மையான வெடிமுனையுடன். இடையே சென்றவை 30 ஆண்டுகள்.

இத்தாழ்வுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நம் பொருளுக்கு உரியது. நாக் தன் இலக்கை வெப்பத்தால் அறிகிறது. டாங்கியின் வெப்பம் சுற்றுப்புறத்தினின்று வேறுபட்டால்தான் அதன் உருவம் ஏவுகணையின் அகச்சிவப்பு உணரிக்குத் தெளிவாகும். காலையின் குளிர்ச்சியில் அது எளிது. பாலையின் கடும்பகலிலோ மணலும் டாங்கியும் ஏறத்தாழ ஒன்றுபோல் காய்ந்தன. தொலைவில் நின்ற இலக்கு பின்னணியில் மறைந்தது. பகைவர் காலையில் மட்டுமே வருவர் என்று எந்தப் படையும் எண்ண இயலாது. ஆகவே உணரி மேம்படுத்தப்பட்டது; 2019 ஜூலையில் கோடை வெயிலிலேயே பயனர் சோதனைகள் நடந்தன.

நம் ஜொகூரின் மழையையும் புழுக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். பாலையில் தேறிய கருவியும் இங்குப் புதிதாகவே தேற வேண்டும். ஓரிடத்தில் ஒருமுறை பறந்தது என்பது, எவ்விடத்தும் எக்காலத்தும் பறக்கும் என்பதற்குச் சான்றாகாது.

ஆராய்ந்த பின்னரே ஒருவரை நம்ப வேண்டும் என்பதற்காகத் ‘தெரிந்துதெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். அம்மரபில் வந்த நாம், ஆக்கியோர் செய்வதை ‘ஆக்கச் சோதனை’ என்றும், பயன்படுத்துவோர் செய்வதை ‘ஏற்புச் சோதனை’ என்றும் பிரித்து வழங்கலாம் என இவ்வவையின் முன் வைக்கிறோம். அவ்வாறு வழங்கினால், அடுத்த முறை ‘வெற்றி’ என்ற செய்தியைப் படிக்கும் மாணவர், அது யாருடைய சோதனை என்று கேட்கக் கற்பார்.