முதல் முக்குளிப்பு

ஸ்கூபா முக்குளிப்பை முதன்முறை முயல்வோருக்குச் சான்றிதழ் தேவையில்லை. பயிற்றுநர் கூடவே இறங்கும் அறிமுகப் பயணம் போதும். கிள்ளான் கடலோரம் ஆற்றுச் சேற்றால் கலங்கியே கிடக்கும். அதனால் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் குடும்பங்கள் கிழக்குக் கரைக்கே போகவேண்டும்: குவாலா பெசுட்டிலிருந்து படகேறினால் பெர்ஹெந்தியான் தீவு, மெர்சிங்கிலிருந்து தியோமான் தீவு. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பிப்ரவரி வரை கடல் கொந்தளிக்கும்.

வயது 10 நிறைந்திருக்க வேண்டும். முதலில் உடல்நலப் படிவம். ஆஸ்துமாவோ இதய நோயோ இருந்தால் மறைக்கவே கூடாது. பிறகு ஆழமில்லாத நீரில் பயிற்சி. ரப்பர் முனையைப் பல்லால் கவ்வி வாய்வழியே மூச்சு விடுவது தொடக்கத்தில் பயமாகத்தான் இருக்கும். சில நிமிடங்களில் பழகிவிடும்.

ஆழம் 12 மீட்டரைத் தாண்டாது. ஆனால் 10 மீட்டரிலேயே அழுத்தம் கரையில் உள்ளதைப்போல் இரு மடங்கு. காது அடைக்கும், வலி வருமுன்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதவேண்டும். மேலே வரும்போது மூச்சை அடக்கினால், விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடக்கூடும். மூச்சை அடக்கக் கூடாது என்ற இந்த ஒரு விதிக்கு விலக்கே இல்லை.

முக்குளித்த பின் 18 மணி நேரம் விமானம் ஏறாமல் இருப்பது நல்லது. கோத்தா பாருவிலிருந்து பறந்து வீடு திரும்புவோர் கடைசி நாளைக் கரையிலேயே கழிக்கவேண்டும்.