கோடிட்ட இடத்தை நிரப்பும் உரிமை யாருக்கு?

(தேர்தலில் நிற்போருக்கு வினாக்கொத்து அனுப்பி, அவர்தம் விடைகளை இணையத்தளத்தில் வெளியிட முன்வந்துள்ள வன்னி இளைஞர்களிடையே, சட்டத்தரணியும் கட்சி அமைப்பாளருமான ஒருவர் கிளிநொச்சியில் நிகழ்த்திய உரை.)



நீங்கள் மேற்கொண்டிருக்கும் வேலை பார்வைக்குச் சிறியது. அபேட்சகர்களுக்கு வினாக்கொத்து அனுப்புகிறீர்கள், வந்த விடைகளைப் படியெடுக்கிறீர்கள், இணையத்தளத்தில் ஏற்றுகிறீர்கள். இது வெறும் எழுதுவினைஞர் வேலைதானே என்று எவரும் எண்ணக்கூடும். ஆயின் இந்த எழுதுவினைஞர் வேலையில்தான் ஒரு மக்கட் கூட்டத்தின் நம்பிக்கை தங்கியிருக்கிறது என்பதை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஆறு ஆசனமும் அளவிறந்த பெயர்களும்

1947 ஆம் ஆண்டில் வவுனியாத் தொகுதியில் திரு. சி. சுந்தரலிங்கம் அவர்கள் சுயேச்சையாக நின்று வெற்றி பெற்றார். அன்று அத்தொகுதிக்கு அங்கத்தவர் ஒருவர். நின்றவர் சிலர். அவர்களின் குணமும் கொள்கையும் கிராமத்துத் திண்ணையிலேயே அலசப்பட்டன. இன்றோ விகிதாசார முறை. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்றும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டம் ஆகின்றன. 2024 நொவெம்பர் 14 ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலில் அதற்குரிய ஆசனங்கள் 6. ஆசனத் தொகையோடு மூன்றைக் கூட்டி, ஒவ்வொரு பட்டியலும் 9 பெயர்களைக் கொண்டிருத்தல் வேண்டும் என்பது சட்டம். 40 பட்டியல்கள் நின்றால் 360 பெயர்கள்! கட்சி ஒன்றையோ சுயேச்சைக் குழு ஒன்றையோ தெரிந்தெடுத்த பின், அதிலுள்ள மூவருக்கு விருப்பு வாக்கும் அளிக்கலாம். முந்நூறு பேரை எந்தத் திண்ணையில் வைத்து அலசுவது?

அவ்வாறு அலசுவதற்குக் கிடைக்கும் காலமோ மிகச் சொற்பம். அத்தேர்தலில் நியமனப் பத்திரம் ஏற்பது ஒக்டோபர் 11 ஆம் திகதி முடிவுற்றது. அஞ்சல் வாக்களிப்பு ஒக்டோபர் 30 ஆம் திகதியே தொடங்கிவிட்டது. ஆசிரியரும் அரச ஊழியரும் வாக்களிக்கு முன் உங்கள் பக்கம் வெளிவர வேண்டுமாயின், உங்களுக்குள்ள அவகாசம் 19 நாட்கள்.

சட்டம் இதற்கு எவ்வளவு துணை செய்கிறது என்றும் பார்க்க வேண்டும். 2015 ஆம் ஆண்டின் 19 ஆம் திருத்தம் தகவலறியும் உரிமையை நமது அரசியலமைப்பில் சேர்த்தது. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் அபேட்சகர் தமது சொத்துக்களையும் பொறுப்புக்களையும் வெளிப்படுத்தக் கடமைப்பட்டுள்ளார். அதே ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் தேர்தற் செலவுக்குக் கணக்குக் கேட்கிறது. ஆக, சட்டம் அபேட்சகரின் பணப்பையைத் திறந்து காட்டச் சொல்கிறது. அவருடைய மனத்தைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. காணியைப் பற்றி, காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றி, அதிகாரப் பகிர்வைப் பற்றி அவர் என்ன எண்ணுகிறார் என்பதைக் கேட்கும் அதிகாரி எவருமில்லை. அந்தக் கேள்வியை வாக்காளர்தாம் கேட்க வேண்டும். வாக்காளரின் சார்பில் நீங்கள் கேட்கிறீர்கள்.

மேடைப் பேச்சும் எழுத்தும்

எழுத்தில் ஏன் கேட்க வேண்டும்? நமது அரசியல் வரலாறே இதற்கு விடை தருகிறது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ்க் காங்கிரஸ் ஐக்கிய தேசியக் கட்சியை எதிர்த்து நின்றது. தமிழ்ப் பகுதிகளில் வெற்றி பெற்றது. 1948 இல் அதன் தலைவர் திரு. ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்கள் அதே கட்சியின் அரசாங்கத்தில் மந்திரியானார். மலைநாட்டுத் தமிழரின் பிரசாவுரிமைப் பிரச்சினை எழுந்தபோது கட்சி பிளந்தது. 1949 டிசெம்பரில் தந்தை செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சி தோன்றியது. அந்த மந்திரிப் பதவி மக்கள் தந்த ஆணைக்குப் பொருந்துமா, பொருந்தாதா என்று இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறோம். மேடையிற் சொன்னதற்கு ஆளுக்கொரு பொருள் உண்டு. ‘அழைப்பு வந்தால் அமைச்சரவையிற் சேர்வீரா?’ என்ற ஒரு கேள்விக்கு ஒவ்வொருவரும் கையொப்பமிட்டு விடை தந்திருப்பின், அவ்வாதத்திற் பாதி எழுந்திருக்கவே மாட்டாது.

இடம் மாறினாற் பேச்சு மாறும் என்பதற்கு நமது மண்ணிலேயே உதாரணம் உண்டு. கிளிநொச்சி தேர்தலுக்கு யாழ்ப்பாணத்தோடு சேர்ந்தது. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டு செல்லும் திட்டம் வந்தபோது, கிளிநொச்சி விவசாயிகள் தமது வயலுக்கு என்ன கதி என்று எதிர்த்தார்கள். குடாநாட்டு மக்களோ கிணற்று நீர் கெடுகிறது, குடிக்க நீர் வேண்டும் என்றார்கள். இரண்டும் நியாயமான குரல்களே. 2024 இல் தாளையடியிற் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்ட பின்னரும், குளத்து நீரில் யாருக்கு முதலுரிமை என்ற கேள்வி கோடை வரும்போதெல்லாம் எழக்கூடியதே. பரந்தனிற் பேசும் அபேட்சகர் ஒன்றும், நல்லூரிற் பேசும்போது வேறொன்றும் சொல்ல இடமுண்டு. எழுதிய விடைக்கோ இரண்டு ஊர் கிடையாது. பரந்தனில் வாசிப்பதைத்தான் நல்லூரிலும் வாசிப்பார்கள்.

எல்லோரும் ‘ஆம்’ என்னும் கேள்வி

ஆதலால் கேள்வியைத் தெரிவதிற் கூர்மை வேண்டும். ‘மக்களின் காணிகள் மக்களுக்கே திருப்பித் தரப்பட வேண்டுமா?’ என்று கேட்டால், 360 பேரும் ‘ஆம்’ என்பார்கள். அந்த ‘ஆம்’ வாக்காளருக்கு எதையும் உணர்த்தாது. கேப்பாப்புலவு மக்கள் 2017 ஆம் ஆண்டில் தமது நிலத்தைக் கேட்டு முகாம் வாசலில் அமர்ந்தார்கள். மாதக்கணக்கில் வெயிலையும் மழையையும் தாங்கினார்கள். அவர்கள் கேட்க விரும்புவது எது? ‘படையினர் வசமுள்ள தனியார் காணிகள் விடுவிக்கப்படாதவிடத்து, பாதுகாப்பு அமைச்சின் நிதி ஒதுக்கீட்டுக்கு எதிராக வாக்களிப்பீரா?’ இதற்கு ‘ஆம்’ என்பவருக்கு ஒரு விலை உண்டு. ‘இல்லை’ என்பவருக்கும் ஒரு விலை உண்டு. விலையுள்ள விடையே வாக்காளருக்குப் பயன்படும்.

அதேபோன்று, ‘காணாமல் ஆக்கப்பட்டோருக்கு நீதி வேண்டுமா?’ என்று கேளாதீர்கள். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அலுவலகத்தை அவர் ஏற்கிறாரா, அல்லது சர்வதேச விசாரணை ஒன்றே வழி என்கிறாரா என்று கேளுங்கள்.

வழக்கேட்டு ஒழுங்கு

இனி, விடைகள் வந்து சேர்ந்தபின் உங்கள் கடமை என்ன? நீதிமன்றத்து வழக்கேட்டைப் பேணும் ஒழுங்கையே உங்களுக்கும் சொல்வேன். வந்த நாளையும் நேரத்தையும் பதியுங்கள். மூலப் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். ஒருவர் படியெடுக்க, மற்றொருவர் மூலத்தோடு ஒப்புநோக்கட்டும். எழுத்துப் பிழை இருந்தாலும் நீங்கள் திருத்த வேண்டாம். நூறு சொல் என்று எல்லை வகுத்தால், நூற்றோராவது சொல்லில் எவர்க்கும் ஒரே கத்தரிக்கோல். அபேட்சகர் பின்னர் மனம் மாறினால், பழைய விடையை அழியாது, புதிய விடையைத் திகதியோடு அதன் கீழ் இடுங்கள். மனம் மாறியதையும் அறிய வாக்காளருக்கு உரிமையுண்டு.

மொழிபெயர்ப்பிற் பன்மடங்கு அவதானம் தேவை. வவுனியாவிலே சிங்கள வாக்காளரும் உளர். சிங்களத்தில் விடை எழுதுவோரும் உளர். காணாமற் போனோர் பற்றி விசாரிக்க 2013 இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு, 2014 இல் இதே கிளிநொச்சியில் அமர்ந்தது. தாய்மார் சொன்னது ஒன்று, மொழிபெயர்ப்பிற் போனது வேறொன்று என்ற முறைப்பாடுகள் அவ்வாணைக்குழுவின் அமர்வுகள் பற்றி எழுந்ததை நாமறிவோம். நமக்கு நேர்ந்ததை நாம் பிறர்க்குச் செய்தல் தகாது. மொழிபெயர்ப்பை அபேட்சகருக்கே திருப்பியனுப்பி, அவர் ஒப்பிய பின் வெளியிடுங்கள். மூல மொழி விடையும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

மௌனம் மூவகை

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். விடை வராவிட்டால்?

மௌனம் எல்லாம் ஒன்றல்ல. வினாக்கொத்து அவர் கையைச் சேராதிருக்கலாம். சேர்ந்தும் அவர் பேசாதிருக்கலாம். ‘விடையளிக்க விரும்பவில்லை’ என்று சொல்லியே மறுக்கலாம். துணுக்காயில் ஒரு சுயேச்சைக் குழுவில் நிற்கும் விவசாயிக்குக் காரியதரிசியும் இல்லை, கணினியும் இல்லை. அவருடைய பெயருக்கெதிரே ‘விடையளிக்கவில்லை’ என்று எழுதினால், அது உண்மைபோற் தோன்றும் பொய். தேடிச் செல்லுங்கள், கையிற் கொடுங்கள், அதன் பின்னரும் வராவிட்டாற்றான் அவ்வாறு எழுதலாம்.

சிறியவரைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்கு ஜேர்மனியிலிருந்து ஒரு வழக்கைச் சொல்கிறேன். அங்கே அரசியற் கல்விக்கான கூட்டாட்சி நிறுவனம் 2002 முதல் ‘வால்-ஓ-மாட்’ என்னும் தளத்தை நடத்தி வருகிறது. கட்சிகள் தந்த விடைகளை வாக்காளர் தம் கருத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒரே முறையில் எட்டுக் கட்சிகளோடு மட்டுமே ஒப்பிட முடிந்தது. 2019 மே மாதத்தில், ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கையில், ‘வோல்ட்’ என்னும் சிறிய கட்சி கொலோன் நகர நிர்வாக நீதிமன்றத்தை நாடியது. இந்த ஏற்பாடு சிறிய கட்சிகளின் சமவாய்ப்பைப் பாதிக்கிறது என்று கண்ட நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பின்னர் இருதரப்பும் இணங்கியதால் தேர்தலுக்கு முன் தளம் மீண்டும் திறந்தது. விடைகளில் எவரும் கைவைக்கவில்லை. அவற்றைக் காட்டும் முறையிலேயே அநீதி புகுந்துவிட்டது. அகரவரிசையா, கட்சி வரிசையா, யாருடைய படம் மேலே என்பதும் நீதிப் பிரச்சினையே என்பதை மறவாதீர்கள்.

பேசாதவரின் கோடிட்ட இடத்தை நாமே நிரப்பலாமா? ‘அவர் பாராளுமன்றத்தில் இன்னவாறு வாக்களித்தவர், ஆதலின் அவருடைய விடை இதுதான்’ என்று எழுதும் ஆசை உங்களுக்கு வரும். ஹன்சாட் பதிவைக் காட்டுவது நல்லதே. ‘மந்திரி.எல்கே’ என்னும் இணையத்தளம் பாராளுமன்ற அங்கத்தவர்களின் சபை நடவடிக்கைகளை மும்மொழியிலும் தொகுத்துக் காட்டியிருக்கிறது. அத்தகைய பதிவை விடையின் அருகே, மூலம் இன்னது என்ற குறிப்போடு வையுங்கள். விடைக்குரிய இடத்தில் வையாதீர்கள். ஒருவர் முன்பு செய்தது சாட்சியம்; இனிச் செய்வேன் என்று அவர் சொல்வதே விடை. சாட்சி சொல்லாததைச் சாட்சியின் வாயில் வைக்கும் உரிமை சட்டத்தரணிக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

நம்மவர் என்ற சோதனை

நான் ஒரு கட்சியின் அமைப்பாளன். உங்களுட் பலரும் ஏதோவொரு கட்சியில் அபிமானம் உள்ளவர்களே. அது குற்றமன்று. ஆனால் உங்கள் பணிக்கு முதற் சோதனை எதிர்க்கட்சியிடமிருந்து வராது, நம்மவரிடமிருந்தே வரும். ‘தம்பி, அண்ணனுக்கு நேரமில்லை, நீயே நல்லதாக எழுதிப் போடு’ என்பார்கள். ‘அந்த மூன்றாம் கேள்வி இப்போது வேண்டாம், ஒற்றுமை கெடும்’ என்பார்கள். ஒரே கையெழுத்தில் ஒன்பது அபேட்சகரின் வினாக்கொத்தும் கட்சிக் காரியாலயத்திலிருந்து வந்து சேரும். அப்படி வந்தால் வெளியிடுங்கள். ‘கட்சி அனுப்பிய விடை’ என்று வெளிப்படையாகக் குறித்தே வெளியிடுங்கள்.

அமெரிக்காவில் ‘வோட் ஸ்மார்ட்’ என்னும் அமைப்பு இதே பணியை ஆண்டுக்கணக்கிற் செய்தது. 2008 இல் ஜனாதிபதித் தேர்தலில் இறங்கிய ஜோன் மக்கெயின் அவ்வமைப்பின் சபையிலேயே அங்கம் வகித்தவர். அவ்வமைப்பு அனுப்பிய வினாக்கொத்துக்கு அவர் விடை தரவில்லை. அமைப்பு அவரைச் சபையிலிருந்து நீக்கியது. தம்மவர் என்று விட்டிருந்தால், மற்றையோரின் மௌனத்தைச் சுட்டும் தகுதியை அது இழந்திருக்கும். என் கட்சிக்காரருக்கு நீங்கள் ஒரு வரி சலுகை காட்டினாலும், அடுத்த தேர்தலில் அவருடைய நல்ல விடையையும் ஊர் நம்பாது. ஆதலின் என் கட்சியின் நன்மைக்காகவே கேட்கிறேன்: எம்மவருக்குச் சலுகை காட்டாதீர்கள்.

எழுதிக் கொடுத்துவிட்டு மீறினால் என் செய்வது என்று ஓர் அன்பர் கேட்டார். தேர்தல் வாக்குறுதியை நிறைவேற்றுமாறு கட்டளையிட்டுத் தரும் நீதிமன்றம் இல்லை. அந்த வழக்கை விசாரிக்கும் நீதிபதி வாக்காளரே. நீதிபதியின் முன் ஆவணம் வேண்டாமா? இணையத்தளம் பார்க்க வசதியற்ற முத்தையன்கட்டுத் தாய்க்கும் அந்த ஆவணம் கிட்ட வேண்டும். தாளில் அச்சிட்டு, சனசமூக நிலையத்தில் உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

இம்மக்கள் நிரப்பிய படிவங்கள்

இறுதியாக ஒன்று. 2009 ஆம் ஆண்டுக்குப் பின் இந்த வன்னி மக்களைப்போற் படிவம் நிரப்பியவர் இந்நாட்டில் இலர். முகாமிற் படிவம், மீள்குடியேற்றத்துக்குப் படிவம், வீட்டுத்திட்டத்துக்குப் படிவம், ஆணைக்குழுவுக்குப் படிவம். பிள்ளையின் பெயரை, பிறந்த நாளை, கடைசியாகக் கண்ட இடத்தை எத்தனை முறை எழுதிக் கொடுத்தார்கள்! 2017 பெப்ரவரியில் இக்கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலில் அத்தாய்மார் போராட்டம் தொடங்கியதற்குக் காரணம், எழுதிக் கொடுத்தவற்றுக்கு விடை வரவில்லை என்பதே.

இதுவரை இம்மக்கள் நிரப்பினார்கள், பிறர் கேட்டார்கள். இப்போது முதன்முறையாக இம்மக்கள் கேட்கிறார்கள். அதிகாரத்தை நாடுவோர் நிரப்ப வேண்டும். அந்தக் கோடிட்ட இடம் வெறுமையாகவே திரும்பி வந்தாலும், வெறுமையாகவே ஊருக்குக் காட்டுங்கள். அதன் பொருளை அறிந்துகொள்ளும் ஆற்றல் இம்மக்களுக்கு உண்டு.