செஞ்சிக்கு ஒரு கேமரா

திண்டிவனத்தில் பஸ் ஏறிச் செஞ்சிக்குப் போகிறீர்கள். 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை. அடிவாரத்தில் நின்றே அதன் ராஜகிரி மலை உச்சியைப் படம் பிடிக்க ஆசை. ஆனால் பட்ஜெட் சிறியது. எந்தக் கேமரா வாங்கலாம்?

பெட்டியில் இரண்டு ஜூம் போட்டிருப்பார்கள். ஆப்டிகல் ஜூமில் லென்ஸே நகர்ந்து உச்சியைக் கிட்டே காட்டும். டிஜிட்டல் ஜூம், படத்தின் நடுப்பகுதியை வெட்டி இழுத்துப் பெரிதாக்குவது. சப்பாத்தியை எவ்வளவு தேய்த்தாலும் மாவு கூடுமா? கடையில் ஆப்டிகல் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

மெகாபிக்சலுக்கு மயங்க வேண்டாம்; ஏ4 அளவில் நல்ல பிரிண்ட் போட 9 போதும்.

மேல்மலையனூர் அம்மன் கோயிலில் அமாவாசை இரவு நடக்கும் ஊஞ்சல் உற்சவம் வேறு கதை. சின்னக் கேமராவின் ஃபிளாஷ் சில மீட்டர்தான் எட்டும். முன்னால் நிற்பவர் தலை பளிச்சென்று விழும், அம்மன் இருட்டில் இருப்பாள். ஃபிளாஷை அணைத்து, கையைத் தூணில் ஊன்றி எடுங்கள்.

விழுப்புரத்தில் பழைய கேமரா கிடைத்தால், அதற்கான பேட்டரி இன்னும் விற்கிறதா என்று விசாரியுங்கள். பெட்டிக்கடை ஏஏ பேட்டரியில் ஓடுகிற மாடல் என்றால் நிம்மதி.

நான் ஒருமுறை எல்லாம் சரிபார்த்து, ராஜகிரி உச்சிவரை மூச்சிரைக்க ஏறினேன். மெமரி கார்டு வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது!