நான்காவது கோடு

விமானியின் தோள்பட்டியில் மூன்று கோடு இருந்தால் துணை விமானி, நான்கு இருந்தால் கேப்டன். அந்த நான்காவது கோட்டை எவ்வளவு சீக்கிரம் வாங்குகிறாரோ அவ்வளவு கெட்டிக்காரர் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன கணக்கு. இந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. ஓய்வும் தூக்கமும் சம்பளத்தில் ஒரு பங்கு. அதைச் சேர்க்காமல் பதவி உயர்வை எடை போட்டால் விடை தப்பாகவே வரும்.

சிங்கப்பூரில் உள்நாட்டு விமானச் சேவை என்று ஒன்றும் கிடையாது. சாங்கியிலிருந்து கிளம்பும் பயணிகள் விமானம் எதுவானாலும் வெளிநாட்டுக்குத்தான். 2018 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மறுபடி தொடங்கிய அமெரிக்காவின் நியூவர்க் நேரடிச் சேவை சுமார் 15,300 கிலோமீட்டர், ஏறக்குறைய 18 மணி நேரம். நான்கு விமானிகள் முறைவைத்துப் படுத்து எழுந்து ஓட்டுகிறார்கள். இறங்கும் ஊரில் விடிகாலை, அவர்கள் உடம்புக்கோ அந்திப்பொழுது. சரி, சென்னை மாதிரி நான்கு மணி நேரத் தடம் சுலபமா என்றால், அதுவும் இல்லை. அங்கே இரண்டே பேர். மாற்ற ஆளும் கிடையாது, படுக்கையும் கிடையாது. இரவில் போய் விடியலில் திரும்பும் வேலை நான்கு நாள் தொடர்ந்தால், நெடுந்தூர விமானியைவிட இவர்தான் களைத்திருப்பார்.

பணிமூப்பைப் பார்த்து ரோஸ்டர் போடும் நிறுவனங்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. துணை விமானிகளில் மூத்தவராக இருந்து விரும்பிய நாளில் விடுப்பு எடுத்தவர், கேப்டனானதும் கேப்டன்களில் கடைக்குட்டி ஆகிவிடுகிறார். நள்ளிரவுப் புறப்பாடு, ஸ்டாண்ட்பை, பண்டிகை நாள் பறப்பு எல்லாம் அவர் தலையில். சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் தீமிதிக்கு வீட்டார் கிளம்பும்போது அவர் வேறொரு கண்டத்தின் ஹோட்டலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூக்கத்தை வரவழைத்துக் கொண்டிருப்பார். சம்பளம் கூடியது உண்மை. தன் நேரத்தின் மீதிருந்த பிடி போனதும் உண்மை.

இதற்கு மறுப்பு உண்டு. பன்னாட்டு விதிப்படி 65 வயதோடு பயணிகள் விமானம் ஓட்டும் தகுதி முடிகிறது. பதவி உயர்வைத் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் கேப்டன் சம்பளத்தில் ஓர் ஆண்டு நட்டம்தானே? நியாயமான கேள்விதான். ஆனால் விமானியின் உரிமம் மருத்துவச் சான்றிதழில் தொங்குகிறது; 60 வயதுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. கெட்ட தூக்கத்தில் கழியும் வருடங்கள் உடம்பைத் தின்றுவிட்டால், 65 வரை ஓட்டலாம் என்ற விதி இருந்து என்ன பயன்?

செக்யூரிட்டி வேலையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர் புலம்பவில்லையே, விமானிக்கு மட்டும் என்ன சலுகை என்றும் கேட்பார்கள். அவருக்கும் ஓய்வு வேண்டும்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. விமானியின் களைப்போ அவரோடு நிற்பதில்லை. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் இறந்தார்கள். கேப்டன் பயணத்தில் நெடுநேரம் தூங்கியதையும், விழித்தபின் தங்கும் மந்தத்தையும் விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. இப்படிப்பட்ட களைப்பைக் குறைக்க, விமானிகளின் வார ஓய்வை 48 மணி நேரமாக்கி, இரவுத் தரையிறக்கங்களைக் குறைத்த புது விதியை இந்தியா 2024 ஜனவரியிலேயே அறிவித்தது. 2025 நவம்பரில் அது முழுதாக நடைமுறைக்கு வந்ததும், டிசம்பரில் இண்டிகோ நிறுவனம் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. விதி கடுமை என்று சிலர் சொன்னார்கள். ஏறக்குறைய இரண்டு வருட அவகாசத்தில் போதிய ஆள் சேர்க்காதது யார் குற்றம்?

பிள்ளையை விமானியாக்க நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பயிற்சிச் செலவையும் ஒப்பந்த ஆண்டுகளையும் விசாரிக்கும்போதே, மாதத்தில் எத்தனை இரவு சொந்தக் கட்டிலில் படுக்கலாம் என்பதையும் அந்த நிறுவனத்தில் வேலை செய்பவரிடம் கேட்டுவிடுங்கள்.