பழைய மடிக்கணினிக்குப் பழகிய முகம்



முதல்ல ஒரு சின்ன கேள்வி. புது போன் வாங்கினதும் வால்பேப்பரை மாத்தாதவங்க இங்கே யாராவது இருக்கீங்களா? இருக்க மாட்டீங்க. எழுத்தைப் பெருசாக்குறோம், அடிக்கடி தேவைப்படுற ஆப்பை முதல் பக்கத்துக்குக் கொண்டு வர்றோம். அதையே வீட்டுல தூசி படிஞ்சு கிடக்கிற பழைய லேப்டாப்புலயும் செய்யலாம். அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

எங்க வீட்டு லேப்டாப், தங்கச்சி பிளஸ் டூ படிச்சப்போ விலையில்லா மடிக்கணினித் திட்டத்துல கிடைச்சது. 2 ஜிபி ரேம். அவளுக்குக் கல்யாணம் ஆன பிறகு பரண்ல கிடந்தது. எடுத்து ஆன் பண்ணினா, திரை வர்றதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாம்.

அப்பா தச்சு வேலை பார்த்தவர். ஊர்ல கொஞ்சம் நிலம் இருக்கு. பட்டா பார்க்கணும்னா, நான் ஊருக்கு வர்ற வரைக்கும் காத்திருப்பார். என் போனைக் கொடுத்தா, "சர்வே நம்பர் கண்ணுக்கே தெரியலை தம்பி" என்பார். அதனாலதான் அந்த லேப்டாப்புல லினக்ஸ் போட்டேன். கூடவே எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப்.

லினக்ஸ்ல இயங்குதளம் வேற, கண்ணுக்குத் தெரியற டெஸ்க்டாப் வேற. வேண்டிய டெஸ்க்டாப்பை நாமே தேர்ந்தெடுக்கலாம். எக்ஸ்எஃப்சிஇ 1996-ல் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கியது. கட்டணம் கிடையாது. குறைந்த ரேம் உள்ள கணினிக்கும் ஏற்றது. ஆனா, பிரவுசர்ல பத்து பக்கத்தை ஒண்ணா திறந்தா எந்த டெஸ்க்டாப்பும் காப்பாத்தாது. ரெண்டு மூணு பக்கத்தோட நிறுத்திக்கணும்.

இப்ப நான் செஞ்ச மாற்றங்களைச் சொல்றேன்.

முதல்ல எழுத்து. செட்டிங்ஸ்ல அப்பியரன்ஸ், அதுல ஃபான்ட்ஸ். அங்கே டிபிஐ என்ற எண் வழக்கமா 96 இருக்கும். அதை 120 ஆக்கினா எழுத்து கால் பங்கு பெருசாகும். தமிழ் எழுத்து கட்டம் கட்டமா தெரிஞ்சா, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவிக்கலாம்.

அடுத்தது விண்டோவோட மூடும் பொத்தான். வயசானவங்களுக்கு அது ரொம்பச் சின்னது. விண்டோ மேனேஜர்ல ஸ்டைல் பகுதிக்குப் போய் டிஃபால்ட்-எச்டிபிஐ என்பதைத் தேர்ந்தெடுத்தா பொத்தான்கள் பெருசாகும். மவுஸ் அமைப்புல அம்புக்குறியையும் பெருசாக்கலாம்.

மூணாவது பேனல். எக்ஸ்எஃப்சிஇ-ல பொதுவா மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை வரும். மேலே இருந்ததை எடுத்துட்டு, கீழ்ப்பட்டையில பிரவுசர், கோப்புகள், பிரிண்டர் என மூணே ஐகான் வெச்சேன்.

நாலாவது, நிழல், ஒளி ஊடுருவுற மாதிரியான அலங்காரங்கள். விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்ல காம்போசிட்டரை நிறுத்தினா அந்தச் சுமை குறையும்.

ஒரு வாரத்துல அப்பா தானே பட்டா எடுத்தார், கரண்ட் பில் கட்டினார். எனக்கும் பெருமை.

அந்தப் பெருமையிலதான் தப்பு பண்ணினேன். அடுத்த தடவை ஊருக்குப் போனப்போ, ராத்திரி உட்கார்ந்து கருப்பு தீம் போட்டேன், ஐகான் எல்லாத்தையும் மாத்தினேன், கீழ்ப்பட்டையை எடுத்துட்டு இடது பக்கம் புதுசா ஒண்ணு வெச்சேன். பார்க்க அழகா இருந்தது. அப்பாகிட்ட சொல்லாமலே காலையில பஸ் ஏறிட்டேன்.

அன்னைக்கு அவர் பயிர்க்கடனுக்குப் பட்டா நகல் கொடுக்க வேண்டிய நாள். லேப்டாப்பைத் திறந்தா, அவருக்குத் தெரிஞ்சது ஒண்ணுமே இல்லை. கெட்டுப்போச்சுன்னு நினைச்சு மூடி வெச்சுட்டு, வெயில்ல பஸ் பிடிச்சு டவுனுக்குப் போய் நகல் எடுத்திருக்கார். சாயங்காலம் போன்ல ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "என் பட்டறையில யார் கை வெச்சது?"

அப்பதான் எனக்கு உறைச்சது. பட்டறையில உளி எங்கே, இழைப்புளி எங்கேன்னு பார்க்காமலே கை நீட்டி எடுப்பார். இடம் மாறினா வேலை நின்னுடும். திரையும் அப்படித்தான். எனக்கு அழகா தெரிஞ்சது அவருக்கு வழியை மறைச்சுடுச்சு.

அதனால உங்களுக்கு நாலு விஷயம் சொல்றேன். ஒண்ணு, யார் பயன்படுத்துறாங்களோ அவங்களைப் பக்கத்துல உட்கார வெச்சு, கேட்டுக் கேட்டு மாத்துங்க. ரெண்டு, உங்க சோதனைகளுக்கு அதே லேப்டாப்புல தனி யூசர் கணக்கு தொடங்குங்க. தோற்ற அமைப்புகள் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியா சேமிக்கப்படும். அவங்க திரை மாறாது. மூணு, பேனல் புரொஃபைல்ஸ் கருவியில இப்போதைய பேனல் அமைப்பைச் சேமிச்சுட்டுத் தொடங்குங்க. தப்பினா ஒரே சொடுக்குல பழையபடி வந்துடும். பேனல் மொத்தமா காணாமப் போனாலும் பயப்படாதீங்க. காலி இடத்துல ரைட் கிளிக் பண்ணினா அப்ளிகேஷன்ஸ் மெனு வரும். நாலு, தீம்களை உங்க லினக்ஸோட மென்பொருள் தொகுப்புல இருந்தே எடுங்க. யாரோ அனுப்பிய கட்டளையைப் புரியாம டெர்மினல்ல ஒட்டாதீங்க.

லினக்ஸ் புதுசுன்னா, பென் டிரைவ்ல போட்டு, நிறுவாமலே முதல்ல ஓட்டிப் பாருங்க. நிறுவுறதுக்கு முன்னாடி போட்டோ, சான்றிதழ் எல்லாத்தையும் வேற இடத்துல நகல் எடுத்து வெச்சுடுங்க.

அப்பாவோட கீழ்ப்பட்டை இப்ப மறுபடியும் கீழேயே இருக்கு. நாலாவதா ஒரு ஐகானும் சேர்ந்திருக்கு, கால்குலேட்டர். அதை வெச்சது நான் இல்லை, அவரேதான்.